தட்டினவங்கதான் முடிக்கணும்

டிவியில் அவள் கை தட்டினாள். சத்தம் வரவில்லை.

உள்ளங்கைகள் சேர்ந்ததும் பிரிந்ததும் பளிச்சென்று தெரிந்தன. அதன் பிறகு அவள் வாய் அசைந்தது, கேமராவைப் பார்த்து ஏதோ கேலி பேசியது, சிரித்தது. ஆனால் கூடத்தில் கேட்டதெல்லாம் ஜன்னல் தகரத்தில் விழும் சாயங்கால மழையும், டிவிக்குக் கீழே கேம் பெட்டியின் விசிறி இரைச்சலும்தான். அவன் ரிமோட்டில் ஒலியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். வெறும் காற்றைக் கூட்டுகிற மாதிரி இருந்தது.

"சத்தம் வரல," என்றான்.

"வந்துச்சேப்பா," என்றாள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த மகள். "ஒரு தட்டு. உள் ரூம்ல இருந்து."

உள் அறையில் இருப்பது ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேஜை. மேஜை மேல் சேமிப்புப் பெட்டி. வீட்டுப் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டியின் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அங்கிருந்து வைஃபை வழியாகக் கேம் பெட்டிக்கு வந்து, அதிலிருந்து டிவிக்கு வர வேண்டும். பெட்டிக்கு ஸ்பீக்கர் கிடையாது. டிஸ்க் பழசானால் உள்ளே 'டக்'கென்று தட்டும் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். டிஸ்க் போனால் அவள் போனாள். இரண்டாவது முறையாக.

அவன் ஒலிப்பதிவுக்காரன். ஸ்டுடியோவில் அவனுக்குப் பெயரே 'காது'. கேமராவில் இருக்கிற குட்டி மைக்கை அவன் மைக்காகவே மதித்ததில்லை. வீட்டில் படம் எடுத்தாலும் கேமராவின் ஒலியை அணைத்துவிட்டு, தன்னுடைய ரெக்கார்டரைத் தனியாக ஓட விடுவான். பிறகு இரண்டையும் பொருத்திக்கொள்ள, படத்தில் இருப்பவர் ஆரம்பத்தில் ஒரு கை தட்டல், முடிவில் ஒரு கை தட்டல் கொடுக்க வேண்டும். "கல்யாண நாள்லகூட கிளாப் அடிச்சுட்டுத்தான் பேசணுமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள், ஆனாலும் தட்டுவாள். பொருத்துவதற்கு மட்டும் அவனுக்கு நேரம் வந்ததே இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான். ஊமைப் படங்கள் ஒரு பக்கமும் உருவமில்லாத குரல்கள் ஒரு பக்கமுமாக வருஷக்கணக்கில் சேர்ந்தன. போன வருஷம் அவள் நோயில் போய்ச் சேர்ந்தாள்.

மகளை வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா போனதிலிருந்து பெயர்தான் மிச்சம். அவள் வீட்டில் இருக்கிறாளா என்று அவனே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சில நாள் முன்பு, சோறு பிசைந்துகொண்டே கேட்டாள்: "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்? மறந்துபோச்சு." ஊரார் குரலையெல்லாம் பத்திரமாகப் பிடித்துக் கொடுக்கிறவன் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். அன்று அவன் சாப்பிடவும் இல்லை.

அதனால்தான் கொழுந்தியாளைக் கூப்பிட்டான். அவள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வந்து, சேமிப்புப் பெட்டியில் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டுப் போனாள். அது ஒலி ஃபைல்களில் கை தட்டல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அந்த இடத்தில் படத்தோடு ஒட்டிவிடும். தட்டல் இல்லாத ஒலியைத் தொடவே தொடாது. ஒட்டி முடித்துவிட்டது என்று இன்று மதியம்தான் சொன்னது.

இப்போது அவளையே போனில் பிடித்தான்.

"பெட்டிய ஒரு தடவ அணைச்சுப் போட்டீங்களா மாமா?"

"போட்டேன்."

"கேம் பெட்டிய?"

"அதையும்தான். படம் ஜோரா வருது. சத்தம்தான் இல்ல."

"அப்ப அதுக்கு உங்க ஒலி புரியல. நீங்கதான் ஊர்ல இல்லாத தரத்துல பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களே! பெட்டியோட செட்டிங்ல போங்க. 'ஒலியை மாற்றி அனுப்பு'ன்னு ஒண்ணு இருக்கும். அதுல டிக் போடுங்க."

போட்டான்.

"இன்னொண்ணு. உள்ள ஏதோ டக்குனு தட்டுதாம். வாலு சொல்றா."

"பெட்டி முன்னாடி ஒரு லைட் இருக்கும். பச்சையா இருந்தா கவலையில்ல. சிவப்பா இருந்தா டிஸ்க் போகப்போகுதுன்னு அர்த்தம். உடனே எனக்குச் சொல்லுங்க, எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்திடலாம். சரியா? அக்கா குரல் அது ஒண்ணுலதான் இருக்கு."

"தெரியும்," என்றான். போனை வைத்துவிட்டுப் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டான்.

தட்டல் கேட்டது. பளீரென்று, அந்தக் கூடத்திலேயே யாரோ தட்டியது போல.

"ம்... காது சார்! கேக்குதா? கேக்கலேன்னா காதைக் கழுவிட்டு வாங்க!"

வாலு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையையே பார்த்தான். மகளின் தோள் அவன் கையோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நாளில் அப்படி ஒட்டிக்கொண்டதில்லை. போதும், இதற்காக இன்னும் பத்துப் பெட்டிகளைக் கட்டி அழலாம் என்று தோன்றியது.

ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தார்கள். அம்மா தலை வாரிக்கொண்டே திட்டுகிறாள். அம்மா சைக்கிள் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். அப்புறம் 'சும்மா' விளையாட்டு வந்தது. ஒலிப்பதிவுக்காரர்கள் ஒவ்வோர் அறையின் மௌனத்தையும் கொஞ்ச நேரம் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பேச்சுக்கு நடுவே பள்ளம் விழுந்தால் நிரப்ப உதவும். எல்லாரும் அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும். அதை அவர்கள் வீட்டில் விளையாட்டாக்கிவிட்டார்கள். ஒருவர் தட்டினால் எல்லாரும் சிலை. மறுபடி அதே ஆள் தட்டும்வரை. வேறு யார் தட்டினாலும் செல்லாது.

திரையில் வாலு, இப்போதைவிடச் சின்னவளாக, ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் கொசு. சொறியவில்லை.

"பாரு, இதுதான் எனக்கு ஓய்வு நேரம்," என்று அம்மாவின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தது. "தட்டிட்டு சமைக்கப் போயிட்டா, வந்து தட்டற வரைக்கும் அசைய மாட்டா. அன்னைக்கு மறந்தே போயிட்டேன். குளிச்சிட்டு வந்து பாத்தா அப்படியே நிக்குது கழுதை!"

"தட்டினவங்கதான் முடிக்கணும்," என்றாள் சோபாவில் இருந்த வாலு, பெருமையாக. "நான் தோத்ததே இல்ல."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை விட்டிருந்தது. பட்டியலில் கடைசியாக ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் கை ரிமோட்டில் நின்றது.

அது உள் அறையில் எடுத்தது. அவள் கட்டிலில், தலையணைகளுக்கு நடுவே, பாதியாக இளைத்துப்போய். அன்று அவன் இருந்த இருப்பில் ரெக்கார்டரை ஓட விட மறந்துபோனான். அந்தப் படத்துக்கு ஒலியே கிடையாது. ஒலியே கிடையாது என்றால் அது எப்படி இந்தப் பட்டியலில் வந்தது? ஒட்டப்பட்ட படங்கள் மட்டும்தானே இதில் வரும்?

மகள் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான். சாக்கு கையருகிலேயே இருந்தது.

"வாலு, உள்ள போய் பெட்டியில லைட்டு என்ன கலர்னு பாத்துட்டு வா."

அவள் எழுந்து போனாள். அவன் கேம் பெட்டியின் வயரில்லாத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு படத்தை ஓட விட்டான்.

திரையில் மனைவி மெல்லக் கைகளை உயர்த்தித் தட்டினாள்.

தட்டல் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் பேசுவது தெரிந்தது, பேச்சு வரவில்லை. வந்தது மௌனம் மட்டும். ஆனால் வெற்று மௌனம் இல்லை. சுவருக்குள் குழாயில் நீர் இறங்கும் மெல்லிய ஒலி, பீரோக் கதவு சூட்டில் முனகுவது, தூரத்துத் தெருவின் அடிமட்ட இரைச்சல். பெற்ற பிள்ளையை இருட்டில் தடவியே அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி அதை அவன் கண்டுகொண்டான். உள் அறையின் மௌனம். அவள் போய், உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய மறுநாள், தன்னந்தனியாக அவன் பதிவு செய்தது. அவள் இல்லாத அறை எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. ரெக்கார்டரைக் கட்டில்மேல் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். அதைத் திரும்பக் கேட்க அவனுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

சரி, மிச்சமிருந்த ஒரு படத்தோடு மிச்சமிருந்த ஒரு ஒலியைப் புரோகிராம் ஒட்டிவிட்டது. இயந்திரம்தானே, அதற்கு என்ன தெரியும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். தேறவில்லை. தட்டல் இல்லாத ஒலியை அது தொடவே தொடாது என்று கொழுந்தியாள் சொன்னாளே.

அன்று அவன் தட்டவில்லை. தட்ட மனசு வரவில்லை. வாலு சித்தி வீட்டில் இருந்தாள். அறையில் யாருமே இல்லை.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். இருந்தது. சதை இல்லாத உள்ளங்கைகள் சேர்கிற, காய்ந்த, களைத்த தட்டல். டிஸ்க்கின் சத்தம் பதிவில் விழுந்திருக்கலாம் என்று ஒரு கணம் மூச்சு விட்டான். அடுத்த கணம் அதுவும் போயிற்று. அப்போது சேமிப்புப் பெட்டி உள் அறையில் இல்லை. இதே கூடத்தில், டிவிக்குக் கீழே இருந்தது. அவள் கட்டிலைப் பார்க்க முடியாமல் அந்த அறையைப் பூட்டி வைத்திருந்த காலம் அது; பெட்டியை அங்கே மாற்றியது பிற்பாடு.

திரையில் படம் முடியப் போகிறது. இந்தக் கடைசி நொடிகள் அவனுக்கு மனப்பாடம். அவள் பேசி ஓய்ந்து, முடிவுத் தட்டலுக்காகக் கைகளை விரித்தாள். ஒரு சாண் இடைவெளியில் உள்ளங்கைகள் நின்றுவிட்டன, சேர்க்கத் தெம்பில்லை. "போதும்மா, நாளைக்கு முடிச்சுக்கலாம்," என்று அவன்தான் கேமராவை அணைத்தான். "நான் இன்னும் முடிக்கலையே," என்று அவள் சொன்னாள். அந்த நாளை வரவில்லை.

படம் அந்த இடத்தில் உறைந்து நின்றது. விரிந்த கைகள். கேமராவைத் தாண்டி எதையோ பார்க்கிற கண்கள். ஆனால் ஒலி நிற்கவில்லை. படத்தைவிட அது நீளம். காதுக்குள் அறையின் மௌனம் ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் தட்டல் இருந்தால் இரண்டாவது இருக்க வேண்டும். அவன் அதற்காகக் காத்திருந்தான். முன்னால் ஓட்டினான். குழாய் நீர். பீரோ. தெரு. இன்னும் ஓட்டினான். அந்தப் பதிவுக்கு ஒரு முடிவு இருக்க வேண்டுமே. அவன் கதவைத் திறந்து உள்ளே வருகிற சத்தம், ரெக்கார்டரை அணைக்கிற சத்தம். அது வரவில்லை. ஓட ஓட ஒலி நீண்டுகொண்டே போனது.

அப்போது ஹெட்போனில் கதவு திறந்தது.

கீல் முனகியது. ரப்பர் செருப்பின் சின்னச் சத்தம், தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தபடி, அறைக்குள் வந்தது. நின்றது.

"அப்பா," என்றது வாலுவின் குரல், போன வருஷத்துப் பதிவுக்குள்ளிருந்து. "பச்சையா இருக்கு..."

ஷ்ஷ்.

மென்மையாக. தூங்க வைக்கிற மாதிரி.

பிறகு ஒரு தட்டல். மிகப் பக்கத்தில்.

பிறகு மௌனம்.

அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். வீடு அசைவற்றிருந்தது. சோபா காலியாக இருந்தது. அவள் எப்போது போனாள்? நான்தானே அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன்.

"வாலு?"

எழுந்து நின்றான்.

"வாலு, வெளிய வா. போதும்."

சோபாவில் கிடந்த போன் அதிர்ந்தது. கொழுந்தியாளின் செய்தி. 'லைட் என்ன கலர் மாமா?' அவன் அதைத் தொடவில்லை. கால்கள் தாமாக நடந்தன. கூடத்தைத் தாண்டி, குளியலறையைத் தாண்டி, உள் அறை வாசல்வரை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. பெட்டியின் பச்சை வெளிச்சம் மட்டும். மருந்தும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. ஒரு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத வாசனை.

மேஜைக்கு முன்னால் வாலு நின்றுகொண்டிருந்தாள். திரும்பப் போகிறவள் மாதிரி ஒரு குதிகாலைத் தூக்கியபடி. உதடுகள் இறுக மூடியிருந்தன. பச்சை வெளிச்சத்தில் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"வாடா கண்ணு," என்றான். குரல் பிசிறியது. "விளையாட்டு இல்ல. அப்பா சொல்றேன்ல. வா."

அவள் அசையவில்லை.

அறைக்குள் போனான். தோளைத் தொட்டான். குளிர்ந்து, கட்டைபோல இருந்தது. இழுத்தான். அந்தச் சின்ன உடம்பு வரவில்லை. தரையிலிருந்து முளைத்தது போல நின்றது.

அவனுக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினான். சுவரில் மோதித் திரும்பி வந்தது சத்தம்.

வாலுவின் கண்கள் மட்டும் அவன்மேல் திரும்பின. செல்லாதுப்பா என்றன. பிறகு மெல்ல, அவனைத் தாண்டி, அவன் தோளுக்கு மேலே உயர்ந்தன.

அங்கேயே நின்றன.

கழுத்தில் தொங்கிய ஹெட்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறையின் மௌனம். அதற்குள் மூச்சு. ஒன்று சின்னது, வேகமானது, மகளுடையது. ஒன்று தடித்தது, இரைப்பது, அவனுடையது. அவன் மூச்சைப் பிடித்தான். அது நின்றது.

மூன்றாவது நிற்கவில்லை.

ஓர் இழுப்பு. பிறகு நீண்ட இடைவெளி. கடைசி நாட்களில் ராத்திரி ராத்திரியாக அவன் பக்கத்தில் படுத்துக் கேட்ட இடைவெளி; இதோடு நின்றுவிட்டதோ என்று எழுந்து பார்க்க வைத்த இடைவெளி. பிறகு, மறுபடி ஓர் இழுப்பு.

அது ஹெட்போனிலிருந்து வரவில்லை.

"முடிச்சிடும்மா," என்றான் அவன், திரும்பாமல். அழுதான். "குழந்தைம்மா. அவள விட்டுடு. முடிச்சிடு."

ஷ்ஷ்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

இடது காதுக்கு வெளியே காற்று விலகியது. வலது காதுக்கு வெளியேயும். ஓரக்கண்ணில், பச்சை வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் விரல்கள் தெரிந்தன. மெலிந்தவை. அவன் தலையை நடுவில் விட்டு, தட்டுவதற்காக அகல விரிந்த இரண்டு உள்ளங்கைகள்.

தகப்பனும் மகளும் அசையாமல் நின்றார்கள். கைகள் விரிந்தே இருந்தன.